சான் ஓனோஃப்ரே கலன்கள்: ரோபோ அளந்தது கீறலை, விரிசலை அல்ல

2018 ஆகஸ்ட் 3, வெள்ளிக்கிழமை. கலிஃபோர்னியாவின் பசிபிக் கரையோரம் இருக்கும் சான் ஓனோஃப்ரே அணுமின் நிலையத்தில், பயன்படுத்திய எரிபொருள் அடைத்த ஒரு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கலனைக் கான்கிரீட் குழிக்குள் இறக்கிக்கொண்டிருந்தார்கள். கலனின் எடை சுமார் 50 டன். குழியின் வாய்க்குச் சற்றுக் கீழே, கலனை நடுவில் நிறுத்துவதற்கென்று ஓர் உள்வளையம் இருக்கிறது. கலனின் அடி விளிம்பு அந்த வளையத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டது. தூக்குப் பட்டைகள் தளர்ந்ததும், கலன் தரையைத் தொட்டுவிட்டது என்று மேலே இருந்தவர்கள் நினைத்தார்கள். கலனுக்குக் கீழே இன்னும் சுமார் 18 அடி வெற்றிடம் இருந்தது. கதிர்வீச்சு அளவெடுத்துக்கொண்டிருந்த பணியாளர், கலன் அடியில் இருந்தால் மீட்டர் இவ்வளவு காட்டாதே என்று சந்தேகப்பட்ட பிறகுதான் விஷயம் தெரிந்தது. அதுவரை முக்கால் மணி நேரத்துக்கும் மேலாக, அந்த எடை வளையத்தின் விளிம்பில் மட்டுமே நின்றது. பிறகு தூக்கி, நேர்ப்படுத்தி, ஒழுங்காக இறக்கினார்கள்.

இறக்கும் வேலை அன்றோடு நிறுத்தப்பட்டது. ஆகஸ்ட் 9-ஆம் தேதி ஊர்மக்கள் கலந்துகொண்ட கூட்டத்தில் அங்கே வேலை பார்த்த பாதுகாப்புப் பணியாளர் ஒருவர் எழுந்து நடந்ததைச் சொன்ன பிறகு விவகாரம் வெளியே வந்தது. அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் சிறப்பு ஆய்வு நடத்தி, 2019 மார்ச்சில் 116,000 டாலர் அபராதம் விதித்தது. கலன் விழுந்தால் தாங்கும் இரண்டாவது பிடிமானம் அந்த நேரத்தில் இல்லாமல் போனது ஒரு குற்றம். 24 மணி நேரத்துக்குள் முறைப்படி அறிவிக்காதது இன்னொன்று. வேலை மறுபடி தொடங்கியது 2019 ஜூலையில்.

தொங்கிய கதையை நாளிதழ்கள் போதுமான அளவு எழுதிவிட்டன. நான் எடுத்துக்கொள்வது அதற்குப் பிறகு வந்த கேள்வியை. கலனுக்கும் வளையத்துக்கும் நடுவே இருப்பது கால் அங்குல அளவு இடைவெளி. 50 டன்னைப் பட்டையில் தொங்கவிட்டு அந்த இடைவெளிக்குள் உரசாமல் இறக்குவது நடக்காத காரியம். அப்படியானால் அதுவரை இறக்கிய 29 கலன்களின் உடம்பில் எவ்வளவு ஆழத்துக்குக் கீறல் விழுந்திருக்கும்? அதைப் பார்க்கத்தான் ரோபோ அனுப்பினார்கள்.

பிறையில் இந்தப் பேச்சு எதற்கு

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பட்டர்வொர்த், பிறை, புக்கிட் மிஞ்ஞாக் வட்டாரத்தில் என்டிடி (பொருளைச் சேதப்படுத்தாமல் குறை தேடும் சோதனை) வேலை பார்க்கும் தமிழர்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் பசியாறிவிட்டு உட்கார்ந்து ஏதாவது ஒரு கேஸை எடுத்து அலசுவோம். பெரும்பாலும் பாய்லர், டேங்க், பைப் என்று போகும். அணு எரிபொருள் கலன் எங்கள் வழக்கத்துக்குக் கொஞ்சம் தூரம்தான். மலேசியாவில் அணுமின் நிலையம் கிடையாது. 1982-இல் இயங்கத் தொடங்கிய 1 மெகாவாட் ஆராய்ச்சி உலை ஒன்று பாங்கியில் இருக்கிறது, அவ்வளவுதான். எங்களில் பலருக்குப் பாங்கி என்றால் என்டிடி பயிற்சிக்குப் போன இடம்.

ஆனால் கலனைச் செய்யும் பொருள் எங்களுக்கு அந்நியமில்லை. 304, 316 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், உருட்டிய தகடு, நீளவாக்கில் ஒரு வெல்ட், சுற்றுவாக்கில் வெல்ட், பக்கத்தில் கடல். பிறையில் பாதித் தொழிற்சாலை இப்படித்தான் இருக்கிறது.

என்டிடி லெவல் டூ பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கும் தம்பி ஒருவர் அன்றைக்குக் கேட்டார்: "அண்ணே, ரோபோ உள்ளே போய்ப் படம் எடுத்துடுச்சு. கீறல் சின்னதுன்னு சொல்லிட்டாங்க. அப்புறம் கிராக் வரும்னு ஏன் இன்னும் பயப்படுறாங்க?"

இந்த ஆய்வை எழுதத் தூண்டியது அந்தக் கேள்விதான். கீறல் எவ்வளவு ஆழம், விரிசல் வருமா என்ற இரண்டு வேறு கேள்விகளை ஒரே கேள்வியாக நினைத்துக்கொள்வது அவர் மட்டும் செய்வதல்ல. சான் ஓனோஃப்ரே பற்றி எழுதியவர்களில் ஆதரவாளர்களும் செய்தார்கள், எதிர்ப்பாளர்களும் செய்தார்கள்.

கலன் எப்படி இருக்கிறது

உலையிலிருந்து எடுத்த எரிபொருள் முதலில் சில ஆண்டுகள் தண்ணீர்த் தொட்டியில் இருக்கும். சூடு தணிந்ததும் ஸ்டீல் கலனுக்குள் அடுக்கி, தண்ணீரை வடித்து, உலர்த்தி, ஹீலியம் நிரப்பி, மூடியை வெல்ட் செய்துவிடுவார்கள். சான் ஓனோஃப்ரேயில் இப்போது பேசுகிற கலன் ஒவ்வொன்றிலும் 37 எரிபொருள் கட்டுகள். சுவரின் தடிப்பு 0.625 அங்குலம், ஏறக்குறைய 15.9 மில்லிமீட்டர். கதிர்வீச்சைத் தடுப்பது பெரும்பாலும் வெளியே இருக்கும் கான்கிரீட்டின் வேலை. கலனின் வேலை உள்ளே இருப்பதை வெளியே விடாமல் வைத்திருப்பது.

குளிர்விக்க மின்விசிறியோ பம்போ கிடையாது. வெளிக்காற்று கீழே இறங்கி, கலனின் சுவரை ஒட்டி மேலே ஏறி, சூட்டை எடுத்துக்கொண்டு போய்விடும். மின்சாரம் போனாலும் நிற்காது என்பதால் அழகான ஏற்பாடு. ஆனால் கடற்கரையில் அதே காற்று உப்பையும் கொண்டுவந்து கலன்மேல் படியவைக்கும்.

இது தற்காலிக ஏற்பாடாகத்தான் தொடங்கியது. 1998-இலிருந்து எரிபொருளை எடுத்துக்கொள்வதாக அமெரிக்க அரசு ஒப்புக்கொண்டிருந்தது. அதை நிலத்தடியில் புதைப்பதற்கான யூக்கா மலைத் திட்டம் நின்றுபோனது, கலன்கள் அங்கங்கே நிலையங்களிலேயே இருந்துவிட்டன. முதலில் 20 ஆண்டு என்று கொடுத்த உரிமங்களை 40 ஆண்டு நீட்டித்துத் தருகிறார்கள். அதனால்தான் கலனின் தோலை நேரில் பார்க்கவேண்டிய அவசியம் வந்தது.

உப்பு, சூடு, வெல்ட்

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் குளோரைடால் வரும் அழுத்த அரிப்பு விரிசலுக்கு மூன்று வேண்டும்: அதற்கு இடம்கொடுக்கும் உலோகம், இழுவிசை, குளோரைடு கரைந்த ஈரம். 304, 316 இரண்டுமே இடம்கொடுப்பவை. 316 கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், அதற்கு மேல் இல்லை. இழுவிசைக்கு வெளியிலிருந்து யாரும் இழுக்க வேண்டாம். வெல்ட் ஆறும்போதே பக்கத்து உலோகத்தில் அது பூட்டப்பட்டுவிடும். மிச்சம் ஈரம்.

மழைக்காலத்தில் சமையலறை உப்பு ஜாடி நசநசவென்று ஆவதைப் பார்த்திருப்போம். அதற்குப் பெரும்பாலும் காரணம் உப்போடு கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடு. சுத்தமான சோடியம் குளோரைடு காற்றிலிருந்து நீரை இழுத்துக் கரைய ஈரப்பதம் சுமார் 75 விழுக்காடு வேண்டும். மெக்னீசியம் குளோரைடுக்கு 33 விழுக்காடே போதும். கடல் உப்பில் இரண்டும் இருக்கின்றன.

கலன் சூடாக இருக்கும்வரை இது நடக்காது. சூடான சுவரை ஒட்டிய காற்றில் ஈரப்பதம் மிகவும் தாழ்ந்துவிடும். எந்த வெப்பநிலையில் ஆபத்து தொடங்கும் என்று நாங்கள் ஒரு தாளில் கணக்குப் போட்டோம். வெளியே 18 டிகிரி, 75 விழுக்காடு ஈரப்பதம் என்று கலிஃபோர்னியக் கடற்கரைக்கு வைத்துக்கொண்டால், கலன் சுவர் சுமார் 32 டிகிரிக்கு இறங்கினால்தான் மெக்னீசியம் குளோரைடு கரையும். பினாங்குக் காற்றை வைத்துப் பார்த்தோம்: 28 டிகிரி, 80 விழுக்காடு. விடை சுமார் 45 டிகிரி. அதாவது தொட்டால் கை சுடும் ஒரு பைப்பின்மேல்கூட நம் ஊரில் உப்பு ஈரமாக இருக்க முடியும். கணக்கு தோராயம்தான், ஈரமான நாட்களில் அங்கேயும் எண் ஏறும். ஆனாலும் அந்த 45-ஐப் பார்த்த பிறகு மேசையில் கொஞ்ச நேரம் யாரும் ரோபோவைப் பற்றிப் பேசவில்லை. அவரவர் பார்க்கும், நீராவியால் சூடாக வைக்கும் ஸ்டீம் டிரேசிங் லைன்களைப் பற்றித்தான் பேச்சு போனது.

கலனில் எல்லா இடமும் ஒரே சூடாக இருக்காது. புதிதாக வைத்த கலனின் மேற்பகுதி 100 டிகிரியையும் தாண்டும். குளிர்ந்த காற்று முதலில் தொடும் அடிப்பகுதி அதைவிட வெகுவாகக் குறைவு. ஆக, முதலில் ஈரமாகக்கூடிய இடம் அடிப்பக்கம், அங்கேதான் அடித்தட்டைச் சுவரோடு சேர்க்கும் சுற்று வெல்டும் இருக்கிறது. மேலேயிருந்து இறங்கும் ரோபோவுக்கு மிகத் தொலைவான இடமும் அதுவே.

பயம் வெறும் கற்பனையல்ல. 2009-இல் இதே சான் ஓனோஃப்ரேயில், கடற்காற்று படும் இடத்தில் இருந்த 304 வகைப் பைப்புகளில் சுவரைத் துளைத்து வெளிவந்த விரிசல்கள் மூன்று இடங்களில் கண்டுபிடிக்கப்பட்டன. அதே கரையில் வடக்கே இருக்கும் டயாப்லோ கேன்யன் அணுமின் நிலையத்தில் 2014 ஜனவரியில் கலன்களின் வெளிப்பக்கத்தைக் கருவி விட்டுப் பார்த்தபோது மேற்பரப்பில் கடல் உப்புத் துகள்கள் இருந்தன. கலனில் விரிசல் கண்டதாக இதுவரை பதிவில்லை. பைப்பும் கலனும் ஒன்றல்ல, பைப்புகள் அங்கே சூடில்லாமல் பல ஆண்டுகள் இருந்தவை. சூடு தணியத் தணியக் கலன்களும் அந்த நிலைக்கு நெருங்கும், அவ்வளவுதான் சொல்ல முடியும்.

உள்ளே போவது

கலனை வெளியே தூக்கிப் பார்க்கலாமே என்று யாராவது கேட்பார்கள். தூக்குவதும் மறுபடி இறக்குவதும் புதிய கீறல் போடும் வேலை, கதிர்வீச்சும் வாங்கவேண்டும். ஆகவே கலன் இருந்த இடத்திலேயே இருக்கும், கண்தான் உள்ளே போகவேண்டும்.

போகும் வழி காற்று வெளியேறும் துவாரம். சுவருக்கும் கலனுக்கும் நடுவே சில அங்குலம்தான் இடம். நாம் டேங்க் சுவரில் விடும் காந்தச் சக்கர ரோபோ இங்கே உதவாது, இந்த வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் காந்தம் ஒட்டாது. எதிர்ச்சுவரில் சாதாரண எஃகு இருந்தால் அதில் ஒட்டிக்கொண்டு கேமராவைக் கலன் பக்கம் திருப்பலாம். இல்லாவிட்டால் காற்றை உறிஞ்சி ஒட்டும் வகை, அல்லது கம்பியில் தொங்கி இறங்கும் வகை. எதுவானாலும் வால் மாதிரி ஒரு கேபிள் கட்டாயம். உள்ளே மாட்டிக்கொண்டால் இழுத்து எடுக்க வேறு வழி இல்லை. சூட்டுக்கும் காமா கதிருக்கும் கேமராவின் மின்னணு நாளாவட்டத்தில் கெடும், படத்தில் வெள்ளைப் புள்ளிகள் பொரியத் தொடங்கும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி இடம் அறிதல். குழிக்குள் எல்லாப் பக்கமும் ஒரே சாம்பல் நிறம். ஒரு கீறலைப் படம் பிடித்துவிட்டு, அது எந்தக் கோணத்தில், அடியிலிருந்து எத்தனை உயரத்தில், எந்த வெல்டுக்கு எவ்வளவு பக்கத்தில் என்று சொல்ல முடியாவிட்டால் அடுத்த முறை அதே கீறலைத் தேடிப் பிடிக்க முடியாது. வளர்ந்ததா இல்லையா என்று சொல்லவே முடியாது. ஆகவே கலன் செய்யும்போது வரைந்த வெல்ட் வரைபடமும், ரோபோ எவ்வளவு தூரம் போனது என்ற அளவும் கையில் இருக்கவேண்டும். படத்தின் தரத்தைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது என் குறை.

ஆழம் அளப்பதும் சுலபமில்லை. நேர் வெளிச்சத்தில் ஒரு கீறல் வெறும் கோடாகத் தெரியும். பளபளக்கும் ஸ்டீலில் ஆழமில்லாத தேய்ப்புகூட முரட்டுக் காயம் போலக் காட்டும். அதனால் அளவு தெரிந்த கீறல்களை வெட்டிய மாதிரித் தகட்டில் முதலில் கருவியைச் சோதித்துவிட்டுத்தான் உள்ளே விடவேண்டும். யூடி (மீயொலிச் சோதனை) செய்பவர் அளவு தெரிந்த கேலிப்ரேஷன் பிளாக் இல்லாமல் வேலை தொடங்குவாரா? அதே ஒழுங்குதான்.

எட்டுக் கலன்

2019-இன் முற்பகுதியில் எட்டுக் கலன்களை இப்படிப் பார்த்தார்கள். ஆழமான கீறல் 0.026 அங்குலம், அதாவது சுமார் 0.66 மில்லிமீட்டர். சுவரில் நான்கு விழுக்காடு சொச்சம். அனுமதி வரம்பு சுவரின் பத்தில் ஒரு பங்கு என்பதால், சுவர் பலம் குறைந்ததா என்ற கேள்விக்குத் தெளிவான பதில் கிடைத்தது: குறையவில்லை. இதை நான் நல்ல வேலை என்றே சொல்வேன். கேள்வி அளக்கக்கூடியது, கருவி அதற்கு ஏற்றது, விடை எண்ணாக வந்தது.

ஆனால் விரிசல் வருமா என்பதற்கு அந்த எண் பதிலே அல்ல. முதலில், அந்தக் கலன்கள் வைத்து அதிக காலம் ஆகவில்லை, இன்னும் சூடாக இருந்தவை. விரிசல் தேடவேண்டிய வயசே அது இல்லை. அடுத்து, அழுத்த அரிப்பு விரிசலின் வாய் மிகக் குறுகல், உப்பும் துருக்கறையும் அதை மூடியிருக்கும். கேமரா காட்டக்கூடியது பெரும்பாலும் கறையைத்தான். கறை கண்ட இடத்தில் சுழல் மின்னோட்டத்தால் சோதிக்கும் எடி கரன்ட்டோ, தொடாமலே ஒலி அனுப்பும் மின்காந்த யூடியோ வைத்து அடுத்த கட்டம் போகவேண்டும். விரிசலைக் காட்டும் சிவப்புச் சாயமான டை பெனட்ரன்ட் பூசித் துடைக்க உள்ளே யாரும் போக முடியாது.

கீறலுக்கும் விரிசலுக்கும் சம்பந்தமே இல்லையா என்றால், இருக்கிறது, ஆனால் ஆழத்தின் வழியாக அல்ல. உரசல் மேல்தோலை நசுக்கிக் கொஞ்சம் இழுவிசையை விட்டுவைக்கும். உரசிய பாகம் சாதாரண எஃகு என்றால் இரும்புத் துகள் ஒட்டி, துருப்பிடித்து, அரிப்பு தொடங்க இடம் கொடுக்கும். ஸ்டெயின்லெஸ் வேலை செய்யும் எந்தப் பட்டறையிலும் சாதா இரும்புக்குப் போட்ட கிரைண்டிங் டிஸ்க்கை இதில் வைக்க விடமாட்டார்கள், இதே காரணத்துக்காக. அதனால் 0.66 மில்லிமீட்டர் என்ற எண்ணைவிட, நெட்டுக்கு ஓடும் அந்தக் கீறல்கள் சுற்று வெல்டை எங்கெங்கே கடக்கின்றன என்ற பட்டியல்தான் பத்து, இருபது வருஷம் கழித்துப் பார்ப்பவருக்கு உதவும். கீறல் ஆழமே இல்லாவிட்டாலும் அந்தச் சந்திப்பு முக்கியம்.

நம் பக்கத்தில் ஒரு லைன்

இதே குழப்பத்தைப் பிறையில் ஒரு தொழிற்சாலையில் பார்த்தேன். கடலுக்குப் பக்கத்தில், இன்சுலேஷன் போட்ட 304 லைன், உள்ளே வெதுவெதுப்பான திரவம். மேல் தகடு கிழிந்து பல மழை உள்ளே இறங்கியிருந்தது. சப்போர்ட் வெல்டை ஒட்டி ஈரம் கசிகிறது என்று கூப்பிட்டார்கள். இன்சுலேஷனை உரித்து டை பெனட்ரன்ட் அடித்ததும், மரக்கிளை மாதிரி பிரிந்து பிரிந்து ஓடும் சிவப்புக் கோடுகள் வந்துவிட்டன. அந்தத் தொழிற்சாலை எஞ்சினியர் நம்பவில்லை. "போன ஷட்டவுன்ல கேமரா விட்டுப் பார்த்தாச்சே, ரிப்போர்ட்ல ஒண்ணும் இல்லையே" என்று கோப்பை எடுத்துக் காட்டினார்.

ரிப்போர்ட்டில் தப்பு ஒன்றும் இல்லை. கேமரா போனது பைப்புக்குள்ளே, படிவு அடைத்திருக்கிறதா என்று பார்க்க. விரிசல் தொடங்கியது வெளித்தோலில், இன்சுலேஷனுக்கு அடியில். "பார்த்தாச்சு" என்ற சொல் மட்டும் ஒரு வருஷத்தில் கேள்வியை உதறிவிட்டுத் தனியாக நடமாட ஆரம்பித்திருந்தது. தம்பிக்கு இந்தக் கதையைச் சொன்னபோது, "அப்ப ஒவ்வொரு ரிப்போர்ட் மேலேயும் எதைத் தேடலைன்னும் எழுதணுமாண்ணே?" என்றார். எழுதினால் வாடிக்கையாளர் முகம் சுளிப்பார், ஆனாலும் நான் இப்போது எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன்.

பிறகு நடந்தது

சான் ஓனோஃப்ரேயில் கலன் இறக்கும் வேலை 2020 ஆகஸ்ட்டில் முடிந்தது. அதற்கு முந்தைய மாதம் கலிஃபோர்னியக் கடற்கரை ஆணையம் ஒரு பராமரிப்புத் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. 2024-இலிருந்து ஐந்தாண்டுக்கு ஒருமுறை இரண்டு கலன்களைப் பார்க்கவேண்டும். எரிபொருள் இல்லாத சோதனைக் கலன் ஒன்றை இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை பார்க்கவேண்டும். குறை கண்டால், அதிவேகத்தில் உலோகத் தூளை அறைந்து படியவைத்து மேல்பூச்சு போடும் முறையும் செய்து காட்டப்பட்டது. உருக்கி வெல்ட் செய்யாத முறை என்பதால் புதிதாக இழுவிசையைச் சேர்க்காது. அந்த யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது.

சோதனைக் கலனில் ஒரு நுணுக்கம் உண்டு. உள்ளே எரிபொருள் இல்லாததால் அதற்குச் சொந்தச் சூடு கிடையாது, வேண்டுமென்றால் ஹீட்டர் வைக்கவேண்டும். குறைந்த சூட்டில் வைத்தால் உண்மையான கலன்களுக்கு முன்னாலேயே அதன்மேல் உப்பு ஈரமாகும். அதாவது மற்றவற்றுக்கு வரப்போவதை முன்கூட்டிக் காட்டும், காட்டவேண்டும் என்றுதான் அதை அப்படி வைப்பதில் அர்த்தம் இருக்கிறது.

பல ஆண்டு இடைவெளியில் இரண்டே கலன் போதுமா என்று எங்கள் மேசையில் சண்டையே வந்தது. குறைவு என்பவர்கள் பாதி. எத்தனை கலன் என்பதைவிட எந்தக் கலன் என்பதுதான் பேச்சு, சூடு குறைந்தது, அதிக நாள் இருந்தது, கடல் பக்க வரிசையில் உள்ளது என்று தேர்ந்தெடுத்தால் இரண்டும் போதும் என்பவர்கள் மீதி. நான் இரண்டாவது கட்சி. அந்த ஆய்வுகளின் அறிக்கை ஒன்று கைக்கு வந்தால் முதலில் படங்களைப் புரட்டமாட்டேன். எந்த வெல்டில் எத்தனை விழுக்காடு நீளம் பார்க்கப்பட்டது என்ற அட்டவணையைத் தேடுவேன். அடித்தட்டு வெல்டுக்கு எதிரே "எட்ட முடியவில்லை" என்று இருந்தால், ஏன், அடுத்த முறை எந்த வழியில் போகப்போகிறார்கள் என்பதும் பக்கத்திலேயே எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பேன்.